டிராகன் தங்கச்சிக்கு மாப்ள பாத்த கதை

கல்மண்டபத்துல பீம்ராவ் வீடியோ கேம் கடை வச்சிருந்தான். அதுல ஒரு கதை ஜப்பான்லேர்ந்து பார்ட்டு பார்ட்டா வரும். டிவில பேச்செல்லாம் ஜப்பான் எய்த்தா ஓடும், எவனுக்குப் புரியும்? பீம்ராவ் ஸ்டூல் போட்டு குந்திகினு ஆளாளுக்குக் கொரல் குடுப்பான். ஜப்பான்ல டைரக்டரு எவனோ இருக்கட்டும். எங்க ஏரியாவுக்கு டைரக்டரு பீம்ராவ் தான், சொல்ட்டேன்.

கடைக்கு எடம் வுட்டவரு கோதண்டம், ஹார்பர்ல ரிட்டயர் ஆனவரு. அவரு பொண்ணு யசோதராவத் தான் பீம்ராவ் கட்டிக்கணும்னு கீறான். மொத பார்ட்டுல ஹீரோவும் ஒரு பொண்ணும் ஜோடியா நடந்துச்சிங்க. "பசங்க வர்ற எடத்துல இன்னாடா லவ்வு?"ன்னு கோதண்டம் மொறச்சாரு.

"ஐயோ மாமா, அது அவன் தங்கச்சி"ன்னுட்டான் இவன்.

மனுசன் உருகிட்டாரு. அப்பாலிக்கா தெனம் ஆஜரு.

ரெண்டாயிரத்து ரெண்டுல அடுத்த பார்ட்டு. கடைசி சீன்ல மணி அடிக்குது, பூ கொட்டுது, ஹீரோ அந்தப் பொண்ணுக்கே மோதரம் போட்றான்.

"தங்கச்சியவே கட்டி வைக்கிறியா, பேமானி! ஒனக்கு நான் பொண்ணு குடுக்கணுமா?"ன்னு எகிறினாரு கோதண்டம்.

பீம்ராவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "மாமா, ஆஸ்பத்திரில கொயந்த மாறிடுச்சி. இது நெசத்துல மாமன் பொண்ணு!"

"அப்ப நெசத் தங்கச்சி எங்கடா?"

மாட்னான்யா. கல்யாணக் கூட்டத்துல ஒரு பச்ச டிராகன் நின்னுகினு இருந்துச்சி. "தோ, அது தான். சாபம்."

"தங்கச்சி இப்டி நிக்க, அண்ணனுக்கு இன்னா அவசரம்? அதுக்கு ஒரு வய்யி பண்ணு. அப்புறம் வந்து எம் பொண்ணக் கேளு."

அட கொடுமையே, டிராகனுக்கு எவன் மாப்ள பாக்கறது? ஜப்பான்காரன் மனசு வைக்கணும். வருசம் ஓடிச்சி, பீம்ராவ் எளச்சித் துரும்பாயிட்டான்.

ஒருவய்யா மூணாவது பார்ட்டு வந்துச்சி. மொத சீன்லயே டிராகன் பறந்து வருது, ஹீரோ கத்திய உருவறான். பீம்ராவ் ஸ்டூல வுட்டு எந்திரிச்சிட்டான். அப்பன் பின்னாடி நின்னுகினு இருந்த யசோதரா விடுவிடுன்னு வந்து டிராகனுக்குக் கொரல் குடுத்தா.

"அண்ணே, எத்தினி வருசம் காத்துகினு கீறது? எனக்கு நரச்சிடும். மாப்ளய நானே பாத்துட்டேன். நீ கத்திய எடுக்கறியோ மாலய எடுக்கறியோ, நான் அவனத் தான் கட்டிப்பேன்."

கோதண்டம் ஓன்னு அயுதுட்டாரு. "வெட்டாதடா! ஒன் தங்கச்சிடா!" அப்புறம் தான் திரும்பிப் பாத்தாரு, பேசனது எந்தப் பொண்ணுன்னு. யசோதரா கண்ணுல தண்ணி. எனக்கும் தான், இன்னா இப்போ?

மூக்கச் சிந்திகினு சொன்னாரு: "செரி. ரெண்டு பொண்ணுக்கும் ஒரே நாள்ல வச்சிடுவோம்."

கல்யாண பேனர்ல பீம்ராவ், யசோதரா, பக்கத்துல மால போட்ட டிராகன். கீய "மணமகளின் தங்கை"ன்னு கோதண்டமே போடச் சொன்னாரு.