என் அண்ணன் உதைக்காத சோற்றுத் தட்டு

பிரியமான சகோதரரே, சகோதரிகளே, இதற்கு முன்னால் என் சாட்சியை எங்கேயாவது நீங்கள் கேட்டிருந்தால், தயவுசெய்து அதை மறந்துவிட்டு இதைப் படியுங்கள். அதில் பாதி பொய். அந்தப் பொய்யான பாதியில்தான் நீங்கள் அழுதீர்கள்.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில், ஐப்பசி மழையில் நனைந்த சட்டையோடு நான் நின்ற மத்தியானத்திலிருந்து தொடங்குகிறேன். உள்ளே என் அண்ணன் சங்கரலிங்கம் கிடந்தான். தறிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். மூளையில் இரத்தக் கட்டு, வலது பக்கம் விழுந்துவிட்டது, நினைவு திரும்புமா என்பது இரண்டு மூன்று நாள் போனால்தான் தெரியும் என்றார் டாக்டர். ஜெபம் பண்ண வாயைத் திறந்தேன். வரவில்லை. மேடையில் கண்ணை மூடினாலே குற்றால அருவியாகக் கொட்டுகிற வாய் இது. அன்றைக்குக் காய்ந்து கிடந்தது.

பெஞ்சில் மதினி, அண்ணன் மனைவி, உட்கார்ந்திருந்தாள். நானும் அவளும் முகம் பார்த்துப் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன. தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"எதுக்கு வந்தீய, கொழுந்தனாரே? இதையும் மைக்குல சொல்லதுக்கா?"

 அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் இரைகிற ஒரு தெருவில் பிறந்தவன் நான். வீட்டில் வைத்த பெயர் கோமதிநாயகம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன்தான் தறிக்கூடங்களில் பாவு பிணைத்து என்னைப் படிக்கவைத்தான். பாவு பிணைப்பது என்றால், தறியில் பழைய நூல் முடிகிற இடத்தில் புது நூலை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பது. ஒரு இழை தவறினாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

என் இருபத்து நான்காம் வயதில், ஒரு ஜெபக்கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இயேசு பாவிகளுக்காக மரித்தார் என்பது அதுவரை எனக்குக் கேள்விப்பட்ட சேதி. அன்றைக்கு அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. இது பொய் இல்லை. என் பழைய சாட்சியில் இந்த இடத்தை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

புளியங்குடி ரோட்டில் ஒரு எலுமிச்சைத் தோட்டத்துப் பம்புசெட்டுத் தொட்டியில் ஞானஸ்நானம். அண்ணனுக்கு அதில் சம்மதம் இல்லை. ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. நான் முங்கி எழுந்து கண்ணைத் துடைத்தபோது, சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுத் தொட்டிக் கரையில் நின்றுகொண்டிருந்தான். கையில் மடித்த வேட்டி, ஒரு துண்டு. பாடிக்கொண்டிருந்த விசுவாசிகளை ஏறிட்டும் பார்க்காமல் துண்டை என் தோளில் போட்டான்.

"தலையத் தொவட்டுலே. சளி புடிச்சிரும்."

அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நடந்தது இது.

முதல் முறை சபையில் இதை இப்படியேதான் சொன்னேன். எனக்கு முன்னால் சாட்சி சொன்னவர் குடித்து, கத்தியெடுத்து, ஜெயிலுக்குப் போய் வந்தவர். அவருக்குச் சபையே அழுதது. என் துண்டுக்கு நாலு பேர் ஆமென் சொன்னார்கள், ஒருவர் கொட்டாவி விட்டார். அன்று எனக்கு என் பாவங்களை நினைத்து வெட்கமாக இருந்தது. அவை சிறியவையாக இருந்தனவே என்ற வெட்கம்.

அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை என் அண்ணன் எட்டி உதைத்தான் என்றேன். முன்வரிசையில் ஒரு அம்மா விசும்பினார்கள். அந்த விசும்பல் எனக்கு ருசித்தது. சொற்கள் நான் கூப்பிட்டால் ஓடி வரும். அது என் வரமாக இருந்தது, என் வியாதியாகவும் ஆனது. வருஷா வருஷம் அந்தத் தட்டு வளர்ந்தது. சோறு சுவரில் தெறித்தது. அண்ணன் என்னை மழையில் தள்ளிக் கதவைச் சாத்தினான். இளையரசனேந்தல் பக்கத்துக் கிராமங்களில் சொன்னேன், சங்கரன்கோவில் தெருமுக்குகளில் சொன்னேன். ஜனங்கள் அழுதார்கள், முழங்கால் போட்டார்கள். பலன் வருகிறதே என்று மனசாட்சிக்குத் தாலாட்டுப் பாடினேன். அண்ணன் வீட்டுக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினேன். மைக்கில் வில்லனாக்கியவன் வீட்டில் உட்கார்ந்து எப்படிச் சோறு தின்பது?

போன வருஷம், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மனுஷன் பாவி, தன் நற்செயலால் தன்னை மீட்டுக்கொள்ள முடியாது. இயேசுவின் இரத்தத்தை நம்புகிறவனுக்கு மன்னிப்பு இலவசம். ஞானஸ்நானம் அந்த மன்னிப்பை வாங்கித் தருவதில்லை, கிடைத்ததை ஊரறியச் சொல்வது. அழகாக நடத்துவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையிலிருந்து மாரியம்மாள் கை தூக்கினாள். தறி ஓட்டுகிறவள், நாற்பது வயசு, தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"பிரதர், ஒரு சந்தேகம். ஒங்க அண்ணாச்சி எங்க ஷெட்டுக்குத்தான் பாவு பிணைக்க வருவாவ."

"சரிம்மா."

"முந்தாநேத்து முக்குல நம்ம கூட்டம் நடந்துச்சுல்லா, நீங்க சாட்சி சொன்னிய. அப்பம் கரண்டு போயிட்டு. தறி பூரா நின்னுட்டு. ஒங்க மைக்கு ஜெனரேட்டர்ல ஓடுது, ஒரு வார்த்த விடாம உள்ள கேக்கு. தட்ட எத்துனது, கதவச் சாத்துனது எல்லாம் கேட்டோம். எங்க மேஸ்திரி, 'என்ன அண்ணாச்சி, ஒம்மளத்தான் சொல்லுதான், நீரு பெரிய வில்லனால்லா இருந்திருக்கீரு'ன்னாரு."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துப் பார்த்தேன்.

"அண்ணன் என்ன சொன்னான்?"

"கையில இருந்த இழைய விடல. 'எந்தம்பி சொன்னா சரியாத்தாம்டே இருக்கும்'னாவ. பெறவு தலையத் தூக்கவே இல்ல." அவள் குரல் முதல் முறையாகத் தாழ்ந்தது. "எம்புருசன் செத்தப்பம் மூணு மாசம் எங்க வீட்டுக்கு அரிசி கொண்டாந்து போட்டவுக பிரதர் அவுக. அவுகளா தட்ட எத்துனாவ? நீங்க சொன்ன தட்டு பொய்யின்னா, நீங்க சொல்லுத மன்னிப்ப நான் எப்படி நம்புதது?"

"மனுஷன் மாறுவாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சிறியது அது. மிகக் கேவலமானதும் அதுதான்.

நாளைக்கு அண்ணனைப் போய்ப் பார்ப்போம் என்று நினைத்தேன். நாலு நாள் அப்படியே நினைத்தேன். ஐந்தாம் நாள் அவன் விழுந்துவிட்டான்.

மதினியின் கேள்விக்குப் பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். பினாயில் வாசம். மேலேயும் கீழேயும் செருப்புச் சத்தம். அங்கே வைத்து என் வாய் திறந்தது. "ஆண்டவரே, நான் பொய்யன். அவன் காது கேட்கிற அளவுக்காவது அவனை எழுப்பும். அவனிடம் நான் சொல்ல வேண்டும்." ஒரு அலங்காரமும் இல்லை. அழுகைகூட வரவில்லை. இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று உள்ளே ஒரு குரல் அதட்டியது. தகுதியில்லாதவனுக்குத்தான் கிருபை என்று எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருப்பேன். அந்தப் பாடத்தை நான் படித்தது அந்தப் படிக்கட்டில்தான்.

மதினிக்குக் காபி வாங்கி வைத்தேன். அவள் தொடவில்லை. ஆறியதை நானே குடித்தேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் வந்து, முழித்துவிட்டார் என்று சொன்னாள். மதினி ஓடினாள். நான் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். ஸ்தோத்திரம் என்ற ஒரே சொல்தான் வந்தது. வெகுநேரம் கழித்து அவள் வெளியே வந்தாள்.

"மூணு நாளா வாசல்ல கெடக்கியன்னு சொன்னேன். ஒங்கள வரச் சொல்லுதாவ. போங்க."

அண்ணனின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"அண்ணே, நீ தட்ட எத்தல. கதவச் சாத்தல. துண்டுதான் கொண்டாந்த. நான்தான் மைக்குல பொய் சொன்னேன். இத்தன வருசமா சொன்னேன்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு குழறிக் குழறி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"நான் எத்தலன்னு... எனக்குத் தெரியாதாலே?"

கோணிய வாயில் பாதிச் சிரிப்பு. பாவத்தை ஒப்புக்கொள்வதாக நினைத்து, அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே அவனிடம் சொல்லிக்கொண்டு நின்றிருந்தேன். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினான்.

"தெரியாதவங்கட்டப் போயிச் சொல்லு."

ஊருக்கு வந்ததும் பாஸ்டரிடம் போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "உங்க சாட்சியக் கேட்டு வந்தவங்க விசுவாசத்துல இடறிற மாட்டாங்களா பிரதர்?" என்றார். கண்ணை மூடி ஜெபித்துவிட்டுச் சொன்னார். "இல்ல, சொல்லிருங்க. ஆண்டவர நிக்க வைக்கதுக்குப் பொய்யால முட்டுக் குடுக்க வேண்டாம்." பாடம் எடுக்கும் பொறுப்பையும் மேடையையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். நியாயம்தான்.

அதே முக்கில், அதே குழாய் ஸ்பீக்கரில் ஒரு சாயங்காலம் நின்றேன். தறிக்கூட வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன், விழுந்த கையை மடியில் வைத்துக்கொண்டு. உள்ளே தறிகள் இரைந்துகொண்டிருந்தன. இந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று என் மனசில் ஒரு மூலை சந்தோஷப்பட்டது, கேவலம். அப்போது மாரியம்மாளின் குரல்: "மேஸ்திரி அண்ணாச்சி, அஞ்சு நிமிசம் தறிய நிப்பாட்டுங்க!" மேஸ்திரி என்ன நினைத்தாரோ, தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. நான் கேட்டதிலேயே மிகப் பெரிய அமைதி அது.

சொன்னேன். உதைக்காத தட்டு, சாத்தாத கதவு, தொட்டிக் கரைத் துண்டு. யாரும் அழவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவர், "அப்பம் இம்புட்டு நாளும் அளந்ததா வே?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. அளந்ததுதான்" என்றேன், மைக்கிலேயே.

பெரிய பாவம் இருந்தால்தான் கிருபை பெரிதாகத் தெரியும் என்று நினைத்துத்தான் அண்ணன் பேரில் ஒரு பாவத்தை இட்டுக்கட்டினேன். கடைசியில் அந்த இட்டுக்கட்டுதான் என் பெரிய பாவம். அதற்கும் சேர்த்து இயேசு மரித்தார் என்று இப்போது நம்புகிறேன். வெட்கத்தோடேதான் நம்புகிறேன். வெட்கம் போகவில்லை, போகவும் வேண்டாம்.

மாரியம்மாள் இந்தத் தை மாசம் ஞானஸ்நானம் எடுத்தாள். சபையில் எனக்கு இப்போது ஒரே ஊழியம்: தொட்டிக் கரையில் துண்டு வைத்துக்கொண்டு நிற்பது. அண்ணன் கோமதியம்மன் சன்னதிக்குத்தான் போகிறான், இடது கையால் கம்பு ஊன்றி. அவனும் இயேசுவை அறிய வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அவன் வீட்டில் சாப்பிடுகிறேன், மதினிதான் பரிமாறுகிறாள்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, ஆண்டவர் பெயரைச் சொல்லியே ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருந்தால், பயப்படாமல் அவரிடம் கொண்டுபோங்கள். அலங்காரம் வேண்டாம். நான் பொய்யன் என்ற இரண்டு சொல் போதும், அவர் கேட்கிறார். நான் சொன்னதைக் கேட்டார்.

இந்தச் சாட்சியை எழுதட்டுமா என்று அண்ணனிடம் அனுமதி கேட்டேன். முழுவதும் வாசிக்கச் சொன்னான், கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும் ஒரே ஒரு திருத்தம் சொன்னான்.

"வெள்ளத் துண்டுன்னு கிண்டுன்னு எழுதிராதலே. அது செவப்புக் கட்டம் போட்டது."

சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. எழுதிவிட்டேன், அண்ணே.