வாக்கோ விமானத்துக்கு ஒரு ஸ்தோத்திரம்

பாறசாலைப் பக்கம் கல்குவாரியில் வேலை செய்த வேதமாணிக்கத்துக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் 'வாக்கோ'. ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை வந்தால் போதும், நேந்திரன் வாழைக்குலை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நிற்பார். கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல எழுந்தால் நேரே அமெரிக்காவுக்குப் போய்விடுவார். ஒஹையோவில் டிராய் என்று ஒரு ஊர், அங்கே வாக்கோ என்று ஒரு கம்பெனி, அது கட்டியது இரட்டை இறக்கை விமானம் என்று ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார். போதகர் கடிகாரத்தைப் பார்ப்பார். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, அவருக்கென்ன.

விஷயம் 1954-ல் நடந்தது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எல்லைப் போராட்டம் கொதித்துக் கிடந்த காலம். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. போலீஸ் வீடு வீடாக நுழைந்து அடித்துக்கொண்டிருந்தது. ஊர்வலத்தில் கொடி பிடித்த வேதமாணிக்கம் பாறை உச்சியில் நின்று வேலை செய்தபோதுதான் அந்த விமானம் தாழ்வாக வந்தது. இனி மேலே இருந்தும் சுடப்போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. கையில் கிடைத்த கல்லை எடுத்து வீசினார்.

விமானம் வந்த வேகத்தில் அதுவே போய்க் கல்லில் மோதியது என்பதுதான் சரி. மேல் இறக்கையின் துணி கிழிந்து படபடவென்று அடிக்க, விமானம் தள்ளாடிக் கதிரறுத்த வயலில் இறங்கியது. அப்போதுதான் அதிலிருந்து பறந்த காகிதம் ஒன்று அவர் காலடியில் விழுந்தது. சினிமா நோட்டீஸ். போலீஸ் விமானமே இல்லை அது, விளம்பரம் போட வந்தது. காட்டுப் பக்கம் ஓடியிருந்தால் தப்பியிருக்கலாம். அவரோ உள்ளே இருந்த ஆள் செத்தானோ என்று பதறி வயலுக்கு ஓடினார்.

பைலட் மோகனன் காயமில்லாமல் இறங்கி நின்றார். சற்று நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. கிழிந்த இறக்கையைப் பார்த்துவிட்டு, கல்லெறிந்தது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மோகனன், கல்பொடி அப்பி வெளுத்திருந்த வேதமாணிக்கத்தின் கைகளைப் பார்த்தார். சொல்லிவிட்டால் அந்தக் கை இனி கல்லுடைக்காது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"ஒரு பருந்து வந்து இடிச்சதாக்கும் சாரே" என்றார் மோகனன்.

இன்ஸ்பெக்டர் நம்பினாரோ இல்லையோ, ஜீப் போய்விட்டது. இதைத் தைக்க ஆள் உண்டா என்று மோகனன் கேட்டார். வேதமாணிக்கம் வீட்டுக்கு ஓடினார். மனைவி ஆனந்தபாய் மிஷன் பங்களாவுக்குப் பூவேலை தைத்துக் கொடுப்பவள். அவளை வயலுக்குக் கூட்டிவரும் வழியில் உண்மையைச் சொன்னார்.

"இப்பம் தைச்சுக் குடுக்கேன். உங்ககிட்ட பொறவு பேசுதேன்" என்றாள் அவள்.

அவள் நெருக்கத் தையல் போட, இறக்கைக்குப் பூசும் பசையை மோகனன் அதன்மேல் தடவினார். அது காயும்வரை பொழுதுபோக வேண்டுமே. அந்த வாக்கோ விமானத்தின் கதையைச் சொன்னார். 1930-ல் எஃப் வரிசை தொடங்கியதாம். பெயரில் மூன்று எழுத்து. முதலாவது எஞ்சினுக்கு, அடுத்தது இறக்கைக்கு, கடைசி உடலுக்கு. மேலே கூரை கிடையாது. முன்னால் இரண்டு பேர் சேர்ந்து உட்காரலாம், ஓட்டுகிறவர் பின்னால். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஆயிரக்கணக்கான பையன்கள் பறக்கப் படித்தது இந்த மாதிரி விமானங்களில்தான். போர் முடிந்து இரண்டே வருடத்தில் கம்பெனி விமானம் கட்டுவதையே விட்டுவிட்டது. தான் அடித்தது என்ன என்று தெரிந்துகொள்கிறவர்போல வேதமாணிக்கம் ஒரு சொல் விடாமல் கேட்டார்.

புறப்படும் முன் மோகனன், இறக்கையைக் கிழித்துக்கொண்டு முன் இருக்கையில் விழுந்து கிடந்த அந்தக் கல்லை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இந்த சீட்டில எனக்க மக விலாசினி இருக்க வேண்டியதாக்கும். எட்டு வயசு. இண்ணைக்குக் காலத்த காய்ச்சல் வந்ததினால விட்டிட்டு வந்தேன்."

வேதமாணிக்கம் கல்லை வரப்பில் இறக்கி வைத்தார். அப்படியிருந்தும் தன்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டார்.

"எறிஞ்சவன் ஓடிப் போவான். நீ இஞ்ச ஓடி வந்தே" என்றார் மோகனன்.

பிள்ளை எப்படி இருக்கிறாளோ என்று அந்த வாரம் முழுக்க வேதமாணிக்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு மோகனனிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டதாம்.

1956-ல் எல்லைக்கோடு விழுந்தது. விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது, அவர் ஊர் கேரளத்திலேயே நின்றது. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாயை விரட்டக்கூட அவர் கல்லெடுத்ததில்லை.

அதனால்தான் வருடா வருடம் ஆலயத்தில் அந்த வாக்கோ கதை. மூன்று எழுத்து, முன் இருக்கை எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு அடங்கிவிடும். முடிவில் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"கர்த்தாவே, அண்ணைக்கு அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் தந்தீரே, அதுக்கு ஸ்தோத்திரம். பொறவு அந்தக் காய்ச்சலை மாத்திச் சொகம் தந்ததுக்கும் ஸ்தோத்திரம்."

சபை முழுக்க ஆமென் சொல்லும். எல்லோருக்கும் முந்திக் கேட்பது ஆனந்தபாயின் குரல்.