உயிரோடிருந்தவனுக்கு ஒட்டிய போஸ்டர்

எங்கள் இணைய இதழுக்கு வாசகர்கள் என்று சொல்லிக்கொள்ள நானும் என் கணவனும் இருந்தோம். அறிவியல் புனைவுக்கும் திகில் கதைகளுக்கும் மட்டுமே விமர்சனம் எழுதும் இதழ். மாத நாவல்களில் உலாவும் பேய்களையும் வேற்றுக்கிரகவாசிகளையும் ஒன்று விடாமல் பிரித்துப் போட்டு நான் எழுதுவேன். சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்த்த அவன் அதை வலையேற்றுவான். எழுத்துருவை இறக்கிக்கொள்ளாதவர்களுக்குப் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது. பக்கத்தின் அடியில் வருகையை எண்ணும் எண் கொஞ்சம் நகர்ந்தால், அதுவும் பெரும்பாலும் நாங்களே திறந்து பார்த்ததாக இருக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

விளம்பரம் செய்தால்தான் தேறும் என்று அவன்தான் அந்த யோசனையைச் சொன்னான். தாம்பரத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வேறு எதையும் படிக்காதவர்கூட அதை நின்று படித்து, யார், என்ன வயசு, எந்தத் தெரு என்று தெரிந்துகொண்டுதான் நகர்வார். நாமும் அதே மாதிரி ஒன்று அடித்து ஸ்டேஷன் பக்கம் ஒட்டுவோம் என்றான். நடுவில் மாலை போட்ட அவன் படம், பெயர், எங்கள் தெரு. கீழே, ‘இரவில் தனியாக எங்கள் இதழைப் படித்தவர்’ என்று நான் எழுதிக் கொடுத்த வரி. அடியில் பொடி எழுத்தில் இணைய முகவரி. தெருப் பெயர் எதற்கு என்று கேட்டேன். நிஜம் போல இருக்க வேண்டாமா என்றான். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டினால் போதும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டு வந்தான். இந்த ஞாயிறு என் அம்மா வருவதாக இருந்தாள். நாங்கள் காதல் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து என்னோடு பேசாதவள், கல்யாணத்துக்கும் வராதவள். மாப்பிள்ளையை என் தம்பி வைத்திருந்த போட்டோவில் பார்த்ததோடு சரி. அவளை விழுப்புரத்தில் ரயிலேற்றிவிடப் போவதாகத் தம்பி போன் செய்தான்.

“அக்கா, அம்மாவே கெளம்புறேன்னு சொல்லியிருக்கு. அங்க ஏதாவது கோணலா நடந்துச்சுன்னா அப்படியே திரும்பிடும். அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

அந்த ஒரு நாள் நல்லபடியாகப் போய்விட்டால் அம்மா எனக்குத் திரும்பக் கிடைப்பாள். அதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை.

ஞாயிறு காலை பால் வாங்கப் போனேன். பால் பூத் சுவரில் என் கணவன் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த கம்பத்திலும் அவன். தெருமுனை வரை அவன்தான். வீட்டுக்கு ஓடி வந்தால், எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து பல் துலக்கியபடியே அவன் வந்து, “என்னக்கா ஆச்சு?” என்றான். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அச்சகத்தில் நம்பர் வாங்கி, போஸ்டர் ஒட்டுபவரைப் போனில் பிடித்தேன். அடுத்த வாரம் என்றுதானே சொன்னோம் என்று கத்தினேன்.

“இன்னாமா பேசுற? சாவு போஸ்டர எவனாச்சும் அடுத்த வாரம் ஒட்டுவானா? பிரஸ்ல தப்பா சொல்றாங்கன்னு நானே நேத்து கேட்டு எடுத்துகினு வந்துட்டேன். ஊர்லர்ந்து வர்ற சனம் வழி தெரியாம நிக்கக்கூடாதுல்ல? அதான் ஸ்டேஷன்லர்ந்து வூட்டாண்ட வரிக்கும் ஒட்டிகினே வந்தேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அவரு உனுக்கு இன்னா வேணும்மா?”

போனை வைத்துவிட்டேன். அந்த மனிதர் மேல் கோபப்படவும் முடியவில்லை. நல்ல மனசோடு செய்திருக்கிறார்.

ரயில் வரும் நேரம் நெருங்கியிருந்தது. அம்மாவிடம் செல்போன் கிடையாது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கள் செம்பாக்கத்திலிருந்து போஸ்டர்களைக் கிழித்துக்கொண்டே போனோம். மைதாப் பசை நன்றாகக் காய்ந்திருந்தது. இழுத்தால் ஓரம் மட்டும் வரும், முகம் சுவரிலேயே நிற்கும். வீட்டுச் சாவியால் கண்ணையும் மூக்கையும் சுரண்டினேன். கட்டியவனின் முகத்தைச் சுவர் சுவராகச் சுரண்டுவது எப்படியிருக்கும் என்று நான் கிழித்துத் தொங்கவிட்ட எந்தத் திகில் கதையிலும் எழுதியிருக்கவில்லை. அவனோ யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே கிழித்துக்கொண்டிருந்தான்.

வழியில் கேம்ப் ரோட்டில் மாட்டிக்கொண்டோம். டீக்கடையிலிருந்து ஒருவர் கிளாஸோடு எழுந்து வந்தார். “செத்தவன் மூஞ்சப் போயி சொரண்டுறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? இன்னா, சொத்துத் தகராறா?”

நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வேறு வழியில்லாமல் அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். சாவியைப் பிடுங்கியவர் ஓரடி பின்னால் போனார். கிளாஸோடு வந்தவர் சுவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஆளாளுக்கு விசாரணை. வெப்சைட் விளம்பரம் என்று அவன் விளக்க விளக்க அவர்களுக்குக் கோபம்தான் ஏறியது. ஓர் இளைஞர் மட்டும் இதழின் பெயர் என்ன என்று அக்கறையாகக் கேட்டார். இதற்காகத்தானே இவ்வளவும் செய்தோம்? எங்கம்மா ரயிலில் வருகிறாள், விடுங்கள் என்று கும்பிட்டு அழுத பிறகுதான் சாவி கைக்கு வந்தது.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாசஞ்சர் வந்து கூட்டமும் கலைந்திருந்தது. அவன் வண்டியை நிறுத்தப் போக, நான் பிளாட்பாரத்துக்கு ஓடப் பார்த்தேன். ஓட வேண்டியிருக்கவில்லை. வெளிச்சுவரில் கிழிபடாத ஒரு போஸ்டருக்குக் கீழே அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை. மடியில், வாழையிலையில் சுற்றிய பெரிய ரோஜா மாலை.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். “உன்ன இப்படிப் பாக்கத்தான் வந்தேனா” என்றாள். என் நெற்றியிலிருந்த பொட்டைப் பார்த்ததும் ஓங்கி அழுதாள். அவள் கை என் மேல் பட்டு எவ்வளவு நாளாயிற்று. சந்தோஷப்படவும் முடியாமல் சொல்லவும் வராமல் தவித்தேன்.

“அம்மா, அவன் இருக்கான்மா. நல்லா இருக்கான். அது சும்மா விளம்பரம்மா.”

அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அதற்குள் அவனே எங்கள் எதிரில் வந்து நின்றான். முகமெல்லாம் வியர்வை, சட்டையெல்லாம் பசை. “வாங்க அத்தை” என்று கைகூப்பினான்.

அம்மா அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். திட்டுவாள், பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடப்பாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த மாலையைக் கீழே வைத்தாள்.

“கல்யாணத்துக்கு ஒரு மாலை வாங்கியாரல நான்,” என்றாள் அவனிடம். “மொதமொதல்ல உங்களுக்குன்னு வாங்கினேன், அது இதுக்கா தம்பி?”

அவன் குனிந்து அவளுடைய பையை எடுத்துக்கொண்டான். அம்மா அதைப் பிடுங்கவில்லை.