பொம்பிளை பாக்க வந்தவை திண்ட கேக்

அவையள் தின்னாமல் எழும்பிப் போயிருந்தால் எனக்கு ஒரு கரைச்சலும் வந்திருக்காது. முந்தி வந்தவை எல்லாரும் அப்பிடித்தான் போனவை. வந்தினம், விறாந்தைக் கதிரையிலை இருந்தினம், என்னை மேலும் கீழும் பாத்தினம், சோடாவிலை ஒரு வாய் குடிச்சினம், எழும்பிப் போயிட்டினம். எங்கடை பக்கத்திலை பொம்பிளை பாக்க வாற ஆக்கள் அந்த வீட்டிலை கை நனைக்க மாட்டினம். "சம்மந்தம் சரிவரட்டும், பேந்து வந்து வடிவாச் சாப்பிடுறம்" எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடுவினம். திண்டால் வாக்குக் குடுத்த மாதிரி. திண்டுபோட்டு வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது. கோப்பாயிலை இது தெரியாத சனம் இல்லை.

அதாலை அம்மா வாற ஆக்களின்ரை முகத்தைப் பாக்கிறேல்லை. குசினி வாசலிலை தொங்குற சீலைக்குப் பின்னாலை நிண்டு கேக் வைச்ச பீங்கானைத்தான் பாத்துக்கொண்டு நிப்பா. நான் வீட்டிலை கேக் அடிச்சு விக்கிறனான். பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் எல்லாத்துக்கும் அடிப்பன். வயது முப்பத்தாறு, சாதகத்திலை செவ்வாய்க் குற்றம், நிறமும் பொதுநிறம் எண்டு தரகர் மரியாதைக்குச் சொல்லுற நிறம். உதுகளுக்கு ஈடு குடுக்க அம்மாவிட்டை இருந்தது என்ரை கேக் ஒண்டுதான்.

ஒருத்தரும் தொடாத கேக்கைப் பின்னேரம் அம்மா பின்வளவிலை இருக்கிற அயல் மாமியிட்டைக் குடுத்து விடுவா. கேக் வந்தால் மாமிக்கு விளங்கிவிடும், இதுவும் சரிவரேல்லை எண்டு. அடுத்தநாள் என்னைப் படலையடியிலை கண்டால் சொல்லுவா, "பிள்ளை, போனமுறையிலும் பாக்க இந்தமுறை நல்லா வந்திருக்கு. வரவர உனக்குக் கை திருந்துது." மனிசி மெச்சுதோ குத்திக்காட்டுதோ எண்டு யோசிக்கத் தேவையில்லை. குத்திக்காட்டுறதுதான். நானும் சிரிச்சுக்கொண்டு, "அடுத்தமுறை உங்களுக்குப் பெரிய துண்டாத் தாறன் மாமி" எண்டிட்டு வருவன்.

ஆனி மாதம் நெல்லியடியிலையிருந்து ஒரு பகுதி வாறதெண்டு தரகர் சொன்னார். மாப்பிளைக்குக் கச்சேரியிலை அரசாங்க வேலை. தாயும் மகனும்தான் வருவினம். இந்தமுறை பட்டர் கேக் வேண்டாம் எண்டிட்டா அம்மா.

"றிச் கேக் அடி. கலியாணக் கேக்கை வாயிலை வைச்சால் கலியாண நினைப்பு வரும்."

விசர்க்கதைதான். எண்டாலும் அடிச்சன். பிளம்ஸ், பேரீச்சம்பழம், பாகிலை போட்ட இஞ்சி, பூசணி எல்லாத்தையும் பொடியா வெட்டி ஊறப்போடவேணும். மற்ற ஆக்கள் பிறண்டியிலை ஊறவைப்பினம். எங்கடை படலைக்குள்ளை சாராயப் போத்தில் வராது, அம்மாவின்ரை சைவம் அப்பிடி. முட்டை மட்டும் எப்பிடியோ அந்தச் சைவத்துக்குள்ளை அடங்கிப்போச்சு. நான் அன்னாசியைச் சீனியோடை பாகாக் காய்ச்சி அதிலை ஊறப்போடுறனான். பேந்து மாஜரினையும் சீனியையும் விரலிலை கரகரப்புப் படாத மட்டும் அடிச்சு, மஞ்சள்கருவை ஒண்டொண்டா விட்டு, வறுத்த ரவையும் கஜுவும் ஊறின பழங்களும் போட்டு, நுரைக்க அடிச்ச வெள்ளைக்கருவைக் கடைசியா மெல்லமாக் கலந்து, அவணிலை குறைஞ்ச சூட்டிலை விடவேணும். அவசரக்காரி றிச் கேக் அடிக்கப்படாது. அடிச்சால் மேலை கருகி நடுவிலை களியாக் கிடக்கும்.

அவையள் வந்தினம். நான் தட்டோடை போனன். வழக்கம்போலை "வேண்டாம் பிள்ளை, வையும்" எண்டு சொல்லப்போகினம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் குனிஞ்சன். தாய் கையை நீட்டி ஒரு துண்டை எடுத்தா. கடிச்சா. கண்ணை மூடினா. பேந்து இன்னொரு துண்டை எடுத்தா.

"ஆர் பிள்ளை அடிச்சது?"

"நான்தான் அன்ரி."

"கையாலை அடிச்சனீரோ, மெசினாலையோ?"

"முதல் கையாலை. வெள்ளைக்கரு மட்டும் மெசினிலை."

"பிறண்டி போடேல்லை என்ன? பின்னை உதென்ன வாசம்?"

அன்னாசிக் கதையைச் சொன்னன். எத்தினை முட்டை, எவ்வளவு நேரம் அவணிலை விடுறது, கலியாணத்துக்கு எண்டால் எத்தினை மாதத்துக்கு முதல் அடிச்சு வைக்கலாம், எல்லாத்தையும் துருவித் துருவிக் கேட்டா. கலியாணம் எண்ட சொல்லை அவ சொன்னவுடனை சீலைக்குப் பின்னாலை அம்மா மூக்கை உறிஞ்சிற சத்தம் எனக்குக் கேட்டது. மகன்காரன் ஒண்டும் கதைக்கேல்லை. ஆனால் திண்டார். ஒரு துண்டு, பேந்து ஒரு துண்டு, பேந்தும் ஒரு துண்டு. மூண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டேக்கை என்னைப் பாத்துச் சிரிச்சார் எண்டு நினைச்சன். வெளிக்கிடேக்கை தாய், "வீட்டிலை அவரும் இருக்கிறார், ஒரு துண்டு சுத்தித் தாரும்" எண்டா. அம்மா முழுக் கேக்கையும் பெட்டியோடை தூக்கிக் குடுத்திட்டா.

அவையள் வந்த வான் ஒழுங்கை முடக்கிலை திரும்ப முதல் அம்மா என்ரை தலையைத் தடவிச் சொன்னா, "கை நனைச்சிட்டினமடி." அவ என்னை அப்பிடித் தடவினது எனக்குப் பழக்கமில்லை. அழுகை வந்திட்டுது.

அதுக்குப் பிறகு அம்மா செய்த வேலையை நினைச்சால் இப்பவும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். எங்கடை வீடுகளிலை சம்மந்தம் கதைச்சு முற்றானால் அயலுக்குப் பலகாரம் குடுக்கிறது வழக்கம். முற்றானால். ஒரு சொல் வரட்டும், ஒரு போன் வரட்டும் எண்டு அந்த மனிசி பொறுக்கேல்லை. என்னைக் கொண்டே பயறு வறுப்பிச்சு, பயத்தம் பணியாரமும் சீனி அரியதரமும் சுடுவிச்சு, ஒழுங்கையிலை ஒரு வீடு விடாமல் குடுத்தா. பின்வளவு மாமிக்கு ஒரு சருவச்சட்டி நிறைய. "மூண்டு துண்டு திண்டவர்" எண்டு மாமிக்குச் சொல்லேக்கை அம்மாவின்ரை குரலைக் கேக்கவேணும். மாமி அரியதரத்தைப் பிட்டுப் பாத்துக்கொண்டு, "அவ்வளவு திண்டவரே?" எண்டா. நானும் அம்மாவைத் தடுக்கேல்லை. எனக்கும் விருப்பம்தான். அந்தச் சிரிப்பை எத்தினை தரம் மனதுக்குள்ளை போட்டுப் பாத்தன் எண்டு சொன்னால் வெக்கம். சமைக்கேக்கை நினைச்சன், குளிக்கேக்கை நினைச்சன். நெல்லியடி வீட்டுக் குசினியிலை அவண் வைக்க இடமிருக்குமோ எண்டுகூட யோசிச்சன்.

ஒரு சொல்லும் வரேல்லை. "ஆடி மாதமடி, ஆடியிலை ஆர் நல்ல காரியம் கதைக்கிறது" எண்டா அம்மா. தரகருக்கு எடுத்தால் அவர் போனைத் தூக்கேல்லை. அதுக்கும் ஆடியைத்தான் சொன்னா.

ஆவணி பிறந்தது. போன் வந்தது. அந்தத் தாய்தான், அதுவும் என்ரை போனுக்கு.

"பிள்ளை, சுகமா இருக்கிறீரோ? மகனுக்குக் கலியாணம் முற்றாச்சு."

எந்த நாள் எண்டு கேக்க வாயைத் திறந்தன்.

"பொம்பிளை நீர்வேலி. றிசெப்சன் நெல்லியடியிலை. கேக்கை நீர்தான் அடிச்சுத் தரவேணும். அண்டைக்குத் திண்ட அதே கேக். உம்மடை கைப்பக்குவம் வேறை ஒருத்தருக்கும் வராது."

 நான் கேட்டன், "அன்ரி, அண்டைக்கு நீங்கள் எங்கடை வீட்டிலை கை நனைச்சனீங்களெல்லோ?"

அந்த மனிசிக்குக் கோவம் வரேல்லை. அதுதான் பெரிய கொடுமை. சின்னப்பிள்ளைக்குச் சொல்லித் தாற மாதிரி ஆறுதலாச் சொன்னா.

"அங்கை வரேக்கையே நீர்வேலிச் சம்மந்தம் எங்களுக்குச் சரி பிள்ளை. தரகருக்கு வாறம் எண்டு சொல்லிப்போட்டம், வராமல் விட்டால் அந்தாள் குறை நினைக்கும். அதாலை சும்மா வந்தனாங்கள். சம்மந்தம் செய்யிற நினைப்பிருந்தால் நாங்கள் தொட்டிருப்பமோ? நாங்களும் முறை தெரிஞ்ச சனம்தானே. அதோடை, கேக்தானே பிள்ளை. சோறே திண்டனாங்கள்?"

அவ்வளவுதான் விசயம். அவையள் திண்டது என்னை எடுக்கிறதுக்கில்லை. எடுக்கிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டு வந்தபடியாலை பயமில்லாமல் திண்டிருக்கினம். முந்தி வந்து தின்னாமல் போன ஆக்களாவது, போக முதல் என்னைப் பற்றி ஒரு கொஞ்சம் யோசிச்சிருப்பினம். நான் போனை வைச்சிட்டு அம்மாவிட்டைச் சொன்னன். அம்மா கதிரையிலை இருந்திட்டா. அழப்போறா எண்டு பாத்தால் யோசிச்சா. பேந்து சொன்னா, "அடிச்சுக் குடு."

"விசரே உங்களுக்கு?"

"அடிச்சுக் குடு எண்டுறன். குடாமல் விட்டால் வயித்தெரிச்சல் எண்டு சனம் கதைக்கும். குடுத்தால், நாங்கள்தான் வேண்டாம் எண்டனாங்கள், எண்டாலும் பகையில்லை எண்டு சொல்லலாம். ஒழுங்கை முழுக்கப் பலகாரம் குடுத்திருக்கிறன். நான் படலையாலை வெளிக்கிட வேண்டாமே?"

என்ரை தாய் எனக்குச் செய்த உபகாரம் உதுதான். அவவின்ரை முகத்துக்குப் பூசுறதுக்கு ஐசிங் நான் அடிக்கவேணும். அண்டைக்கு நான் அவவைப் பேசின பேச்சை எழுத ஏலாது. அவவும் விட்டு வைக்கேல்லை. "வாற ஆக்களுக்கு உன்ரை முகம் பிடிச்சிருந்தால் நான் ஏன் கேக்கைக் காட்டுறன்" எண்டு கேட்டா. கேட்டிட்டுக் கொஞ்ச நேரத்தாலை தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து எனக்கு முன்னாலை வைச்சா. நான் குடிக்கேல்லை. ஆனால் அடுத்தநாள் சந்தைக்குப் போய் அன்னாசி வாங்கினன்.

றிசெப்சன் நாள் அம்மாவும் என்னோடை ஓட்டோவிலை வந்தா, இருக்கிறதுக்குள்ளை திறமான சீலையைக் கட்டிக்கொண்டு. மண்டபத்திலை மேசைக்குப் பக்கத்திலை நிண்டு கேக்கின்ரை தட்டுகளை ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்கினன். நேரம் வந்தவுடனை பொம்பிளையும் மாப்பிளையும் வந்து கத்தி பிடிச்சு வெட்டிச்சினம், படம் எடுத்திச்சினம், ஒராளுக்கு ஒராள் வாயிலை தீத்திச்சினம். பொம்பிளை வடிவான பிள்ளை. அவளிலை எனக்கு ஒரு கோவமும் வரேல்லை. வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மாப்பிளை மென்றுகொண்டு நிண்டவர், நிண்ட இடத்திலை யோசிக்கத் தொடங்கினார். பேந்து மேசைக்கு அங்காலை நிண்ட என்னைப் பாத்தார். நேரை, முகத்தைப் பாத்தார்.

"நீங்களோ அக்கா அடிச்சனீங்கள்? இதை நான் முந்தி எங்கையோ திண்டிருக்கிறன். இந்த அன்னாசி வாசம். எங்கை எண்டுதான் வருகுதில்லை."

"கோப்பாயிலை, தம்பி" எண்டன்.

"ஓமோம், கோப்பாய்ப் பக்கம் ஒருக்கால் ஒரு வீட்டுக்குப் போனனாங்கள்" எண்டு சொல்லித் தாயைத் திரும்பிப் பாத்தார். தாய் வேறை ஆரோடையோ கதைச்சுக்கொண்டு நிண்டா. என்ரை அம்மா எனக்குப் பக்கத்திலை கேக் துண்டு சுத்துற தாளைக் கையிலை வைச்சபடி நிண்டா. எல்லாம் அவவுக்குக் கேட்டது. அவ தாளை மடிக்கத் தொடங்கினா, மடிச்சதையே திருப்பித் திருப்பி மடிச்சா. மாப்பிளை கையை நீட்டி இன்னொரு துண்டு கேட்டார். வெட்டிக் குடுத்தன்.