ஃபாரின் நாற்காலி

"எந்திரிங்க, எந்திரிங்க! அது ஃபாரின் சேர்!"

கூரியர் கொண்டுவந்த ஆள் பதறி எழுந்து, நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய சாதாரண பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனால் முதுகில் ஒரு பச்சைப் பொட்டு. பச்சைப் பொட்டு என்றால் ஜெர்மனிக்காரர்கள் அனுப்பிய பணத்தில் வாங்கியது, குழந்தைகளின் பயிற்சிக்கு மட்டும். மஞ்சள் பொட்டு என்றால் உள்ளூர் நன்கொடை, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். லாசரஸ் சார் மஞ்சள் நாற்காலி ஒன்றை இழுத்துப் போடுகிறார். அதற்கு ஒரு கால் ஆடும். "இதுல உக்காருங்க, இதுதான் சேஃப்" என்கிறார்.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான சின்னப் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. முப்பத்தொரு குழந்தைகள், இரண்டு தெரபிஸ்ட்கள், ஒரு வேன். சார் அதற்கு மேனேஜர். வெளிநாட்டுப் பணம் வாங்கும் டிரஸ்ட்கள் டில்லியில் பதிவு செய்ய வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அந்தப் பணத்தை உள்ளூர்ப் பணத்தோடு கலக்கக்கூடாது. சட்டம் சொன்னது பேங்க் கணக்கைத்தான். சார் அதைச் சர்க்கரை டப்பா வரைக்கும் இழுத்துவந்துவிட்டார். தெரபிஸ்ட்களின் டீக்குப் பச்சை டப்பா, விருந்தாளிகளின் டீக்கு மஞ்சள் டப்பா. "அப்ப பாலு எதுலேர்ந்து சார்?" என்று டீ போடும் ரோஸி ஒரு நாள் அப்பாவியாகக் கேட்டுவைத்தாள். சார் அன்று சாப்பிடவே இல்லை. "ஆடிட்டருக்கு எழுதிக் கேட்டிருக்கேன்மா" என்றார் மறுநாள்.

ஜெர்மனியிலிருந்து பார்க்கவந்த ஓர் அம்மாள், ஆசையாகக் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவர் தலை மறைந்ததும் சார் ஒவ்வொரு வாயிலிருந்தும் பிடுங்காத குறையாக அறுபத்திரண்டு சாக்லேட்டையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். பணம் மட்டுமா, பொருளும் வெளிநாட்டு நன்கொடைதானே! ஆடிட்டர் ஆபேல் விழுந்து விழுந்து சிரித்தார். "புள்ளைங்களுக்குக் குடுத்துட்டுப் போங்க சார், டில்லிக்கு வேற வேலை இருக்கு" என்றார். அவர் அதைச் சொல்வதற்குள் சித்திரை வெயில் முந்திக்கொண்டது. பீரோவுக்குள் இருந்த போன வருட ஃபைல் எல்லாம் இன்றைக்கும் இனிப்பாக இருக்கிறது, எறும்புகள் விடாமல் படிக்கின்றன.

சிட்லபாக்கத்தில் வீடு. மனைவி ஜெயசீலி பள்ளிக்கூட டீச்சர், வாய் கொஞ்சம் நீளம். "ஏங்க, என் தம்பி கனடாவுலேர்ந்து அனுப்புன சட்டையை நீங்க போட்டுக்கலாமா, இல்ல அதுக்கும் அஃபிடவிட் வேணுமா?" என்பார். சார் சிரிக்கமாட்டார். அந்தச் சட்டை இன்னும் உறையிலேயே இருக்கிறது.

அவரை முழுக்கக் கேலி செய்துவிடவும் முடியாது. மேடவாக்கத்தில் ஒரு மனிதர், இல்லாத அநாதைகளின் பெயரில் வெளிநாட்டுப் பணம் வாங்கி, ஏழு பேர் உட்காரும் கார் ஒன்றில் குடும்பத்தோடு ஊட்டி போய்வருகிறார். "இவனுங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் சட்டமே இருக்கு. இருக்கணும்" என்று சார் மேஜையைத் தட்டுவார். நியாயம்தான். ஆனால் அந்த மனிதரின் பேப்பர் இருக்கிறதே, அது சுத்தமோ சுத்தம்.

சாரை நடுங்க வைக்கும் வார்த்தை ஒன்று உண்டு: சங்கம். கங்கம்மா என்று ஒருத்தி. மாடம்பாக்கம் பக்கம் வீட்டு வேலை செய்கிறவள், பதினாலு வயது மகன் எழிலை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வருவாள். போன வருடம் கேட்டாள். "அம்மாங்கல்லாம் ஒண்ணா சேந்து ஒரு சங்கம் வெச்சிக்கினா இன்னா சார்? இந்தப் பக்கம் கவுருமெண்டே ஒரு தெரபி சென்டரு தொறக்கச் சொல்லி மனு குடுக்கலாம்ல?"

சார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "மெதுவா பேசுங்கம்மா. சங்கம், மனு, கோரிக்கைன்னா பாலிடிக்ஸ். பாலிடிக்ஸ்னா ரெஜிஸ்ட்ரேஷன் காலி."

அம்மாக்கள் கூடிப் பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பந்த், மறியல் என்று இறங்கும் அமைப்புகளைப் பற்றி விதியில் ஏதோ ஒரு வரி இருந்தது, சாருக்கு அது போதும். போர்டில் 'தாய்மார் சங்கக் கூட்டம்' என்றிருந்ததை அழித்து 'தாய்மார் தேநீர் நேரம்' என்று எழுதினார். சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்து வேண்டும். ஒவ்வோர் அம்மாவாகக் கூப்பிட்டு அவர் பயமுறுத்தியதில் ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். ஆறு பேரோடு அந்தத் தாள் கங்கம்மாவின் பையில் மடங்கிக் கிடந்தது.

புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பம் இரண்டு வருடம் டில்லியில் உட்கார்ந்திருந்தது. போட்டோவில் பெயர்ப்பலகை தெளிவாக இல்லை என்று ஒரு கேள்வி வந்தது. அறுபத்தொரு வயதில் ஏணி போட்டு ஏறி, பலகையைத் துடைத்து, மறுபடி எடுத்து அனுப்பினார். போன செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. புதுப்பிக்க மறுக்கப்படுகிறது. காரணம், பொதுநலன். அவ்வளவுதான், ஒற்றை வரி. அதே வாரம் மேடவாக்கத்துக்காரருக்குப் புதுப்பித்து வந்துவிட்டது.

சார் அந்த மெயிலை இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றை ஃபைலில் வைத்தார். இன்னொன்றை என்ன செய்வதென்று தெரியாமல் மதியம் வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இந்த மாதத்தோடு தெரபிஸ்ட்கள் நின்றுவிடுவார்கள். வேனும் நின்றுவிடும். பாவம், மனிதர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வெளியே எல்லாருக்கும் கேட்டது.

வியாழக்கிழமை கங்கம்மா வந்தாள். எழிலைப் பாயில் கிடத்திவிட்டு நேராக மேஜைக்கு வந்தாள்.

"இன்னா சார், சங்கம் வெச்சா பூடும்னு சொன்ன. வெக்காமயே பூடுச்சே?"

சாருக்குத் தலை நிமிரவில்லை. "அப்பீல் போடலாம்மா. ஆடிட்டர் சொல்லியிருக்கார்..."

"அப்பீலு நீ போட்டுக்கோ. நாங்க கவுருமெண்டாண்ட போய்க் கேக்கணும். இவன எம்மா நாளு நான் தூக்கிகினு திரிய முடியும்? ஆறு பேருதான் கீறோம். நீ வெரட்டிவுட்ட ஆளுங்க, இப்ப கூப்டா வரமாட்டன்றாங்க. ஏயாவது கையெயுத்து நீ போடு."

"நானா? அப்பீல் பெண்டிங்ல இருக்கறப்ப, மேனேஜரே போய் சங்கத்துல..."

"உன்னோட பெரிய பேஜாரா கீது சார்" என்றாள் கங்கம்மா. கோபமில்லை, அலுத்துப்போயிருந்தாள். தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். பாயில் எழில் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்த்து, முடியாமல், முனகினான்.

சார் இழுப்பறையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்தார். ஏழாவது இடத்தில், அழித்தால் தடம் தெரியாத அளவுக்கு இலேசாக, பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

கங்கம்மா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிற வேகத்தில், பென்சில் கோட்டின் மேலேயே ஓட்ட ஆரம்பித்தாள். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. சார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தாளின் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.