தாத்தாவின் திதியும் அத்தையின் கோரையும்

அப்பாவின் தங்கையான என் அத்தை இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு படித்தபோது எனக்கு எட்டு வயது. ஒரு பாடத்தில் தவறினாலும் படிப்பை நிறுத்திவிட்டுத் திருமங்கலத்து வரனுக்குச் சரி சொல்லிவிடுவதாக அப்பா சொந்தக்காரர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அத்தை தேறவேண்டுமே என்று அவளைவிட நான்தான் அதிகம் பயந்தேன்.

தாவரவியல் பாடத்துக்காக அவள் செடிகளை வேரோடு பிடுங்கி, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கல்லை ஏற்றிக் காயவைத்து, அட்டையில் தைத்துக் கொடுக்கவேண்டும். எங்கள் தெற்குவாசல் வீட்டில் அடுப்புப் புகையும் ஈரமும் எட்டாத இடம் பூசை அறை ஒன்றுதான். அதனால் அத்தையின் செடிகள் சாமி படங்களுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தன. அவற்றில் ஒன்று கோரை. பாய் முடையும் தடித்த கோரை அல்ல. நூல் போல மெலிந்தது, முழ உயரம்கூட இராது. அடியில் மூன்று வரிசையாக இலைகள், கணுவே இல்லாத தண்டு, நுனியில் மயிரிழைக் காம்புகளில் பழுப்புக் கதிர்கள். பார்வைக்குப் புல்தான். விரலில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டும்.

"இதப் புல்லுன்னு எழுதுனா முட்டைதான்" என்பாள் அத்தை.

மாசியில் தாத்தாவின் திதி வந்தது. செடிகளை ஒன்று குறையாமல் ஒப்படைக்கவேண்டியது மறுநாள் காலை. ஐயருக்கு அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம். அவர் கொண்டுவந்த தருப்பை பாதியிலேயே தீர்ந்துவிட்டது.

"உங்காத்துல தருப்பை இருந்தா எடுத்துண்டு வாங்கோ. நுனி முறியாம இருக்கணும்" என்றார்.

அம்மா பூசை அறைக்குள் போனாள். காகிதத்துக்குள் அவ்வளவு பத்திரமாகக் காய்ந்திருந்ததைக் கண்டு, அப்பா எப்போதோ வாங்கிவைத்த தருப்பை என்று எண்ணினாள். வேரைக் குப்பையென்று கிள்ளி எறிந்துவிட்டு மற்றதைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஐயர் மந்திரத்தை விடாமல் அதை மோதிரமாக முறுக்கி அப்பாவின் விரலில் மாட்டினார்.

இலை போட வந்த அத்தை பார்த்துவிட்டாள். நானும் பார்த்தேன். மோதிர முடிச்சில் ஒரு பழுப்புக் கதிர் நீட்டிக்கொண்டிருந்தது. அத்தை என் தோளை அழுத்தி, "வாயத் திறக்காத" என்றாள். அதற்குப் பிறகு அப்பா எள்ளும் தண்ணீரும் விடும்போதெல்லாம் அது தாத்தாவிடம் போய்ச் சேருமா, பாதி வழியில் நின்றுவிடுமா என்று நான் அந்தக் கதிரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சாப்பிட்டுப் படுத்ததும், கோயிலுக்கு என்று அம்மாவிடம் சொல்லி, அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு குதிரை வண்டியில் அவனியாபுரம் கண்மாய்க்குப் போனாள். மார்கழியில் அவள் செடி பிடுங்கிய இடம் இப்போது வெடித்த களிமண்.

"கரையில அருகம்புல்லு நிக்கும், ஆழத்துல சம்பங்கோரை நிக்கும். நம்ம கோரை ரெண்டுக்கும் நடுவுல, தண்ணி இப்பத்தான் விட்டுப்போன சேத்துல நிக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தண்ணீர் வற்ற வற்ற அந்த நடு ஓரமும் உள்ளே நகர்ந்துபோயிருந்தது. கணுக்கால் புதையும் சேற்றில் நடந்தோம். அவள் ஒவ்வொன்றாகக் கிள்ளி, விரலில் உருட்டி, எறிந்துகொண்டே போனாள். சில வெறும் புல். சில கோரைதான், ஆனால் கதிர் விடாதவை.

"தாயி, புல்லுதான் வேணும்னா நான் ஒரு கட்டு அறுத்துத் தாரேன். என் குதிரைக்கே அதான்" என்று வண்டிக்காரர் கரையிலிருந்து கத்தினார். "பொழுது சாயுது, வாங்க."

எருமைகள் மிதித்த குளம்புப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் விளிம்பில் ஒரே ஒரு குத்துக் கோரை, கதிரோடு நின்றது. அத்தை மண்டியிட்டு, வேர் அறாமல் விரலாலேயே தோண்டி எடுத்தாள்.

வீட்டு வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"எந்தக் கோயில்ல இம்புட்டுச் சேறு?"

அத்தை முந்தானைக்குள்ளிருந்து செடியை எடுத்துக் காட்டினாள். "அண்ணே, காலையில உங்க விரல்ல கெடந்தது தருப்பை இல்ல. நான் காயவச்ச கோரை."

அப்பா தன் மோதிர விரலைத் தடவிப் பார்த்தார்.

"ஐயருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உன் மதினிக்கு?"

"தெரியாது அண்ணே."

"தெரிய வேணாம். போய்க் காலைக் கழுவு."

அத்தை செடியைச் செய்தித்தாளில் மடித்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்தே உலர்த்தினாள். நான் விழித்தபோது அதை அட்டையில் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வீட்டில் இல்லை. விடியுமுன்பே எங்கோ போய்விட்டார் என்றாள் அம்மா. திருமங்கலத்துக்குத்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அத்தையும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். ஊசி இரண்டு முறை அவள் விரலில் ஏறியது.

வெயில் ஏறும் நேரத்தில் அப்பா ஈர வேட்டியோடு வந்தார். காலெல்லாம் ஆற்று மணல், வேட்டி ஓரத்தில் ஒட்டிய இரண்டு எள். மோதிர விரலில் எதையோ இறுக்கிக் கட்டி அவிழ்த்த தடம் இருந்தது.

"நேத்துத்தான தலை முழுகுனீக. இன்னைக்கும் எதுக்கு வைகைக்கு?" என்றாள் அம்மா.

"ஒரே புழுக்கமா இருந்துச்சு" என்றார் அப்பா. பிறகு அத்தையிடம், "வண்டி சொல்லிட்டு வந்திருக்கேன். கெளம்பு" என்றார்.

அவர் குளிக்கத்தான் போனார், திருமங்கலத்துக்குப் போகவில்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. அத்தை அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து அப்பாவின் காலைத் தொட்டாள். பரீட்சைக்காக ஆசீர்வாதம் வாங்குகிறாள் என்று எண்ணி, நானும் பக்கத்தில் விழுந்து கும்பிட்டு, எனக்கும் கணக்கில் நல்ல மார்க் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.