கலாமேயின் ஊதா முகவாய்

லம்பாங் நகரில், ஆற்றோரப் பௌத்தக் கோயில் நாய்களுக்குச் சொறியோ படையோ வந்தால் எல்லாரும் தேடுவது லாம்துவனைத்தான். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இருபத்திரண்டு வருஷம் உதவியாளராக இருந்தவள். இப்போதும் அவர் எழுதித் தரும் மருந்தைத்தான் கொடுப்பாள். மருந்து ஷாம்பூ பத்து நிமிஷம் ஊற வேண்டும். அதுவரை நாய் உதறாமலிருக்க, அதன் காதில் ஊர்வம்பு பேசுவாள்.

கலாமே என்ற கருப்பு நாய் மட்டும் அவளுக்குத் தண்ணி காட்டியது. தோலைச் சுரண்டிப் பார்த்ததில் பூச்சி இல்லை. மூன்று வார மாத்திரையில் சீழ் வற்றியது, அரிப்பு நிற்கவில்லை. கோழிக்கறி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று டாக்டருக்குச் சந்தேகம். எட்டு வாரம் மீனும் சோறும் மட்டும் என்றார்.

ஐந்தாவது வாரம் முடி முளைக்கத் தொடங்கியது. ஆறாவது வாரம் மறுபடி சொறிந்தது, முகவாயெல்லாம் கொப்புளம்.

"யாரோ கோழி போடுறாங்க சாமி. உங்களுக்குத் தெரியுமா?" என்று தலைமைத் துறவியிடம் கேட்டாள். துறவி பொய் சொல்லக் கூடாது. அதனால் அவர், "இந்த வருஷம் மழை எப்போ வரும்மா?" என்றார்.

வீட்டில் கணவன் வீரயுத்தைக் கேட்டாள். "எனக்கு நாயைக் கண்டாலே ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று அவன் எரிந்து விழுந்தான்.

லாம்துவன் நேரே கோயிலுக்குப் போனாள். கொப்புளத்துக்கு டாக்டர் தந்த ஊதா மருந்தைக் கலாமேயின் முகவாயில் தாராளமாகப் பூசினாள். பட்ட இடத்தில் ஒரு வாரம் போகாது அந்தச் சாயம்.

மறுநாள் காலை துறவி பிட்சைக்கு வந்தார். பாத்திர மூடியைத் திறந்த கட்டைவிரல் ஊதா.

"விரல்ல என்ன சாமி?"

"வயசாகுதும்மா," என்று அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

உள்ளே வந்தால், கையால் உருட்டித் தின்ன வேண்டிய ஒட்டுச்சோற்றை வீரயுத் கரண்டியால் குத்திக் கொண்டிருந்தான்.

"கைக்கு என்ன கேடு?"

"சோறு சுடுது."

"கன்னமும் சுட்டுடுச்சா? நாய் ஊதாவா நக்கி வெச்சிருக்கே!"

அவன் கன்னத்தைத் தடவ, மடியில் ஒளித்திருந்த கையின் ஐந்து ஊதா விரலும் வெளியே வந்தன. "அது பார்க்குற பார்வையை நீ பார்த்ததில்லடி," என்று முனகினான். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் சமையலறைக்குள் ஓடினாள்.

எட்டு வாரம் முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை இரண்டு பேரும் அடங்கி இருந்தார்கள். கலாமேக்கு முதுகு முழுக்க முடி வந்து மினுங்கியது. உறுதிப்படுத்திக்கொள்ள ஒரே ஒரு துண்டு கோழி கொடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். சேதி பரவுவதற்குள் துறவி தட்டோடு வந்து நின்றார், பின்னால் வீரயுத்.

"சோதனைக்குத்தானம்மா," என்றார் துறவி, முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு.

"வயசுல பெரியவர், நீங்களே குடுங்க," என்றாள் லாம்துவன். மூன்றாம் நாள் கலாமே சொறிந்தது. அன்றோடு கோயிலில் அதற்குக் கோழி கிடையாது. மீனை யார் ஊட்டுவது என்ற சண்டையில்தான் இப்போது துறவிக்கும் வீரயுத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.